மேக்னடைட்டும் கழன்று விழுந்த கம்பியும்

ஆராய்ச்சிப் படிப்பின் முதல் வருடம் கைடு கொடுத்த வேலை, கேட்க எளிமையாகத்தான் இருந்தது: மேக்னடைட் என்ற காந்தத்தன்மையுள்ள கருப்பு இரும்பு ஆக்சைடைக் குளிரவைத்து வெர்வே மாற்றத்தைப் பார்க்க வேண்டும். சுமார் 120 கெல்வினுக்குக் கீழே போனால் மின்தடை திடீரென்று நூறு மடங்கு எகிறும் என்று 1939இலேயே விஞ்ஞானி வெர்வே சொல்லிவிட்டார்; அதுதான் அந்த மாற்றம். திரவ நைட்ரஜன் 77 கெல்வின். ஹீலியத்துக்காக யாரிடமும் கெஞ்ச வேண்டாம். ஒரு வாரம் போதும் என்று நினைத்தேன். எட்டு மாதம் இழுத்தது.

கடைப் பொடியை பெல்லட்டாக அழுத்தி, நான்கு கம்பிகளை சில்வர் பெயிண்டால் ஒட்டி உள்ளே இறக்குவேன். 150 கெல்வின் தாண்டுவதற்குள் மீட்டரில் எண் தாவும். மனசும் துள்ளும். வெளியே எடுத்தால் ஒரு கம்பி கழன்று தொங்கிக்கொண்டிருக்கும். தின்னரைக் குறைத்து, ராத்திரி முழுக்கக் காயவிட்ட பிறகுதான் ஒட்டு நின்றது. நின்றதும் தாவலும் போய்விட்டது! கோடு வழவழவென்று ஏறிக்கொண்டே போனது.

தப்பு பொடியில். துகள்கள் ரொம்பப் பொடிசு. காற்றுபட்டு மேல்பக்கம் மாக்ஹெமைட்டாகியிருந்தது; அதுவும் ஒரு இரும்பு ஆக்சைடுதான், ஆனால் அதில் சில இரும்பு இடங்கள் காலி. இரும்பு இடங்களில் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல் காலியானாலே அந்த மாற்றம் காணாமல் போய்விடும். அறை வெப்பநிலை எக்ஸ்ரேயில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே ஜாடை என்பதால் நான் ஏமாந்தேன். கார்பன் மோனாக்சைடும் டைஆக்சைடும் கலந்த வாயுவில் ஃபர்னஸில் வைத்துச் சூடாக்கிச் சரிசெய்தேன். மோனாக்சைடு சிலிண்டருக்கு அனுமதி வாங்கிய கதை தனி. அதற்குப் பிறகு 121 கெல்வினில் செங்குத்தாக ஒரு தாவல். கம்பி கழலவில்லை என்று மூன்று தடவை பார்த்துக்கொண்டேன்.

அடுத்தது குளிர்நிலை எக்ஸ்ரே. படிகத்தின் ஒரு அணுத்தள வரிசையிலிருந்து வரும், 62.5 டிகிரி பக்கம் ஒற்றையாக நின்ற 440 என்ற முகடு, குளிர்ந்ததும் அகன்று பிளந்தது. கனசதுரமாக இருந்த படிக அமைப்பு மோனோகிளினிக் என்ற சாய்ந்த வடிவுக்கு மாறியதற்கு அதுதான் சாட்சி. ஆனால் எங்கள் மெஷினால் அவ்வளவுதான் முடியும். முழு அலகுக்கூட்டில், அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் கட்டத்தில், ஆறு ஆக்சிஜன் சூழ்ந்த எண்முக இடத்து இரும்பு மட்டுமே 16 தனித்தனி வகை. பொடியை வைத்துக்கொண்டு அத்தனையையும் பிரிப்பது நடக்காத காரியம்.

அதனால் ரைட், அட்ஃபீல்ட், ரடாயெல்லி 2001இல் 90 கெல்வினில் கண்ட அமைப்பை எடுத்து, இரும்பு–ஆக்சிஜன் தூரங்களிலிருந்து மின்னேற்றத்தைக் கணக்கிட்டேன். இரும்பு அயனிகளுக்கு வழக்கமான 2, 3 என்று வரும் என்று காத்திருந்தால் 2.4, 2.6 என்று வந்தது. புரோகிராமில் பிழை என்று இரண்டு நாள் தேடினேன். கைடு எட்டிப் பார்த்துவிட்டு, "சரியாத்தானேப்பா வந்திருக்கு, அவங்களுக்கும் அதேதான்" என்றார்.

ஏன் அப்படி என்பது 2012இல் சென், ரைட், அட்ஃபீல்ட் எழுதிய கட்டுரையைப் படித்தபோதுதான் விளங்கியது. ஏறக்குறைய ஒற்றை டொமைனாக, அதாவது முழுக்க ஒரே திசையில் அடுக்கியதாக இருந்த சின்னஞ்சிறு படிகத்தில் அவர்கள் பார்த்தது, வரிசையாக நிற்கும் மூன்று இரும்புகள். நடுவிலுள்ளது தன் கூடுதல் எலெக்ட்ரானை இரு பக்கமும் கொஞ்சம் பகிர்ந்துகொள்ள, பக்கத்து இரும்புகள் அதை நெருங்கி வருகின்றன. இதற்கு டிரைமெரான் என்று பெயர். எங்கள் மெஷினில் அதெல்லாம் தெரியாது. என் தீசிஸில் இருப்பது அந்த 440 பிளவும் 121 கெல்வின் தாவலும்தான்.