பியானோ பெஞ்சிலிருந்து கண்டக்டர் மேடைக்கு: நான் தயாரான விதம்

கிரேடு 8 பியானோ மதிப்பெண் தாள் வந்த அன்று அம்மா கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். 150க்கு 121. தேர்வை நடத்தும் பிரிட்டிஷ் இசை வாரியமான ஏபிஆர்எஸ்எம் கணக்கில் 100 எடுத்தால் தேர்ச்சி, 120 எடுத்தால் மெரிட், 130 எடுத்தால் டிஸ்டிங்ஷன். மெரிட் வந்துவிட்டது, வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எனக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர் மட்டும் பேசாமல் பென்சிலை எடுத்து இரண்டு எண்களைச் சுற்றி வட்டம் போட்டார். சைட் ரீடிங் (முன்பு பார்க்காத இசையைப் பார்த்ததும் வாசிப்பது) 21க்கு 13. ஆரல் (காதால் கேட்டுப் பதில் சொல்வது) 18க்கு 10. இரண்டுமே அந்தந்தப் பகுதியின் தேர்ச்சி அளவுக்குக் கீழே. மனப்பாடமாய் விரலில் ஏறியிருந்த மூன்று பாடல்களும் ஸ்கேல்ஸ் என்னும் சுர வரிசைகளும்தான் என்னைத் தூக்கிவிட்டிருந்தன.

"கண்டக்டராகணும்னு சொன்னியேம்மா, அதுக்கு வேண்டியது இந்த ரெண்டும்தான்" என்றார்.

அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது இசை நடத்துநர் (ஆர்கெஸ்ட்ராவை வழிநடத்தும் கண்டக்டர்) படிப்பில் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போதெல்லாம் பியானோ படிக்கும் தம்பி தங்கைகள், "அக்கா, நானும் அந்தப் பக்கம் போக முடியுமா?" என்று கேட்கிறார்கள். போகலாம். பியானோ தேர்வுக்குத் தயாராகும்போது நாம் கடைசி இரண்டு வாரத்துக்குத் தள்ளிப்போடும் பகுதிகளிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான் என் பதில். அதை எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதை விவரமாகச் சொல்கிறேன்.

எனக்கு இந்த ஆசை வந்தது கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம் இருக்கும் கேஎல்சிசியில். செந்தூலிலிருந்து எல்ஆர்டி ரயில் ஏறி, மஸ்ஜித் ஜாமேக்கில் மாறி, அப்பா என்னை டேவான் ஃபில்ஹார்மோனிக் பெட்ரோனாஸுக்கு அழைத்துப் போனார். இரட்டைக் கோபுரத்தின் அடியில் 1998 ஆகஸ்டில் திறந்த அரங்கம் அது. மலேசிய ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவின் வீடு. ஆர்கெஸ்ட்ராவோடு ஒருவர் பியானோ வாசிக்கும் பியானோ கான்செர்ட்டோ கேட்கத்தான் போனோம். நான் பார்த்துக்கொண்டிருந்தது நடத்துநரின் முதுகை. அவர் தோள் லேசாக உயர்ந்ததும் எண்பது பேருக்குக் கிட்ட ஒன்றாக மூச்சு வாங்கினார்கள். வீடு வரும்வரை அப்பாவிடம் அதையேதான் பேசிக்கொண்டிருந்தேன்.

பியானோ வாசிப்பவர்கள் நடத்துநரானது புதிதல்ல. சாய்கோவ்ஸ்கியின் முதல் பியானோ கான்செர்ட்டோவை 1875இல் பாஸ்டனில் முதன்முதலாக வாசித்த ஹான்ஸ் ஃபான் பியூலோ, பின்னாளில் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கை நடத்தியவர். விளாடிமிர் அஷ்கெனாசி 1962இல் மாஸ்கோவின் சாய்கோவ்ஸ்கி போட்டியில் ஜான் ஆக்டனோடு முதல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1987இல் லண்டன் ராயல் ஃபில்ஹார்மோனிக்கின் இசை இயக்குநரானபோது அவருக்கு ஐம்பது வயதை ஒட்டி. டேனியல் பேரன்போயிம் ஏழு வயதில் மேடையேறிய பியானோக்காரர், பதினொரு வயதிலேயே சால்ஸ்பர்க்கில் நடத்துநர் வகுப்பில் உட்கார்ந்துவிட்டார். இவர்கள் எல்லாரும் மேதைகள், நமக்கு நேரடியாக உதவும் கதைகள் அல்ல.

எனக்கு உதவிய கதை ஹங்கேரியில் பிறந்த நடத்துநர் ஜார்ஜ் ஷோல்டியுடையது. புடாபெஸ்ட் ஆப்பெராவில் 1930இல், பதினெட்டு வயதில், ஒத்திகைப் பியானோ வாசிப்பவராகச் சேர்ந்தார். பாடகர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது, ஆர்கெஸ்ட்ரா இல்லாத ஒத்திகைகளில் முழு ஆர்கெஸ்ட்ராவையும் பியானோவில் வாசிப்பது, இதுதான் வேலை. ஒரு முழு ஆப்பெராவை நடத்த 1938 மார்ச்சில்தான் வாய்ப்புக் கிடைத்தது. யூதர் என்பதால் அங்கே தொடர முடியாமல் சுவிட்சர்லாந்தில் போர்க்காலத்தைக் கழித்தார். 1942இல் ஜெனீவா போட்டியில் பியானோவுக்கு முதல் பரிசு வாங்கினார். 1946இல் மியூனிக் ஆப்பெராவின் பொறுப்பு, அப்புறம் 1969 முதல் 1991 வரை சிகாகோ சிம்பொனி. எட்டு வருடம் ஒத்திகைப் பியானோவில் உட்கார்ந்து, எந்தப் பாடகர் எங்கே மூச்சு வாங்குவார், எந்த வரியில் இழுப்பார் என்று கவனித்த ஒருவர். அந்த இடம் நமக்கும் திறந்திருக்கிறது. கோலாலம்பூரில் பாடகர் குழுக்கள் இருக்கின்றன, பாலே வகுப்புகள் இருக்கின்றன, எல்லாருக்கும் ஒரு பியானோக்காரர் தேவை. சம்பளம் குறைவு, சில இடங்களில் சாப்பாடு மட்டும்தான். இருந்தாலும் போங்கள்.

நான் பள்ளியிறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்ததும் ஒரு பாடகர் குழுவுக்கு வாசிக்கப் போனேன். ஆறு மாதம் கழித்து, அவர்களோடு சேர்ந்து பயிற்சி செய்த சிறிய இளையோர் ஆர்கெஸ்ட்ராவில் ஒருநாள் என்னை நடத்தச் சொன்னார்கள். பெத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி, முதல் பகுதி. பார்க்க எளிது, எல்லாருக்கும் தெரிந்த நான்கு சுரம். கையை இறக்கினேன். சத்தம் வரவில்லை. நான் திகைத்துக் கையை நிறுத்திய பிறகு ஆளுக்கு ஒரு நேரத்தில் வந்தது.

இரண்டு காரணங்கள். ஒன்று, அந்தப் பாடல் ஓய்வில் தொடங்குகிறது. முதல் அடியில் யாரும் வாசிப்பதில்லை. கை விழுந்த பிறகுதான் அந்த நான்கில் முதல் மூன்று சுரங்களும் வரும். கர்நாடக சங்கீதம் படித்தவர்களுக்கு அனாகத எடுப்பு என்று சொன்னால் உடனே புரியும். நான் நான்கு வருடம் வாய்ப்பாட்டு படித்தவள், எனக்கே அது தோன்றவில்லை. இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. பியானோவில் விரல் இறங்கியதும் சத்தம் வந்துவிடும். ஆதி தாளம் போடும்போதும் கை பாட்டோடு சேர்ந்தே விழும். இரண்டு பழக்கமும் எனக்குள் ஊறியிருந்தன. நடத்துநரின் கை சத்தத்துக்கு முன்னால் போக வேண்டும். வில் நரம்பில் படவும், ஹார்ன் என்னும் பித்தளை ஊதுவாத்தியக்காரர் உதட்டைக் கூட்டி மூச்சு விடவும் நேரம் வேண்டும். பியானோ பழக்கத்தில் நான் சத்தம் வரட்டும் என்று காத்திருந்தேன், அவர்கள் என் கை வரட்டும் என்று காத்திருந்தார்கள். இருபது பாரில் (தாளக் கட்டத்தில்) வேகம் பாதியாகிவிட்டது.

இதற்கு நான் செய்த பயிற்சி சாதாரணமானது. கண்ணாடி முன் நின்று, தொடங்குவதற்கு முந்தைய அடியில் மூக்கால் மூச்சு வாங்குவது. அந்த ஒரு மூச்சிலேயே வேகம், பலம், மென்மை மூன்றும் தெரிய வேண்டும். நடத்துநரின் குச்சியான பேட்டனே பிடிக்காமல் இரண்டு மாதம் மூச்சு மட்டும் பழகினேன். என் தம்பியை எதிரில் நிறுத்தி, நான் மூச்சு வாங்கியதும் கை தட்டச் சொல்வேன். அவன் சரியாகத் தட்டினால் எனக்கு வெற்றி.

சரி, தேர்வுக்கு வருகிறேன். ஜெர்மனியில் ஓர் இசைக் கல்லூரியின் நடத்துநர் பிரிவுக்கு முதல் முறை போனபோது நான்கு கட்டம் இருந்தது. பியானோவில் தயாரித்த பாடல்கள், செவித்திறன் சோதனை, முழு ஸ்கோரைப் (எல்லா வாத்தியங்களின் வரிகளும் ஒரே பக்கத்தில் இருக்கும் இசைப் பிரதியை) பார்த்துப் பியானோவில் வாசிப்பது, கடைசியாக நடத்துவது. நடத்துவதற்கு ஆர்கெஸ்ட்ரா இருக்காது. இரண்டு பியானோக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள்தான் ஆர்கெஸ்ட்ரா. கல்லூரிக்குக் கல்லூரி இது கொஞ்சம் மாறும், ஆனால் இந்த நான்கும் ஏதோ ஒரு வடிவில் வரும்.

முதல் கட்டத்தில் பெத்தோவன் சொனாட்டாவை நன்றாகவே வாசித்தேன். செவித்திறனில் ஐந்து சுரங்களை ஒன்றாக அழுத்தி, நடுவில் இருப்பதைப் பாடச் சொன்னார்கள். எனக்கு மேலே உள்ளது கேட்டது, கீழே உள்ளது மங்கலாகக் கேட்டது, நடுவில் ஒன்றுமில்லை. அம்மாவின் தேவாரமும் தம்புராவின் ச-பவும் கேட்டு வளர்ந்த காது என்னுடையது. ஒரு கோட்டின் நெளிவை நுணுக்கமாகப் பிடிக்கும், நான்கு கோடு சேர்ந்து போவதைப் பிடிக்கப் பழகியதில்லை. அதைப் பழக்கத்தான் கிரேடு 7, 8 ஆரலில் கீழ்க்குரலைப் பாடச் சொல்கிறார்கள் என்பது அந்த அறையில்தான் எனக்கு உறைத்தது.

நடத்தும் கட்டத்தில் மொசார்ட்டின் 40ஆம் சிம்பொனி. எல்லாருக்கும் தெரிந்த வயலின் மெட்டு. நான் வயலின் பக்கம் திரும்பி அழகாகத் தொடங்கினேன். பேராசிரியர் நிறுத்தி, "இந்தப் பாடலை யார் தொடங்குகிறார்கள்?" என்று கேட்டார். ஸ்கோரைக் குனிந்து பார்த்தேன். வயோலாக்கள், வயலினைவிடச் சற்றுப் பெரிய, கீழ்ச் சுருதியில் ஒலிக்கும் தந்தி வாத்தியங்கள். வயலின் வருவதற்கு முன்பே அவர்கள் கீழே முணுமுணுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். நூறு முறை கேட்ட பாடலில் நான் மெட்டை மட்டும் கேட்டிருக்கிறேன். அந்த வருடம் இடம் கிடைக்கவில்லை.

திரும்பி வந்து ஒரு வருடம் எடுத்துக்கொண்டேன். மாலையில் செந்தூலில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தேன், காலையில் எனக்கான பயிற்சி.

ஸ்கோர் வாசிப்புக்கு ஹைடனின் நால்வர் தந்தி இசையிலிருந்து தொடங்கினேன். நான்கு வரிதான், காப்புரிமை முடிந்தவை என்பதால் ஐஎம்எஸ்எல்பி தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். முதலில் செல்லோவையும் வயோலாவையும் மட்டும். வயோலாவின் ஆல்ட்டோ கிளெஃப் (கோடுகளில் எது எந்தச் சுரம் என்று காட்டும் குறி) கண்ணுக்குப் பழக ஒரு மாதம் ஆனது. அப்புறம் இரண்டாம் வயலின், கடைசியில்தான் மெட்டு. மெட்டை முதலில் எடுத்தால் மற்றது காதில் விழாது, அதனால் இந்த வரிசையை மாற்றாதீர்கள். அதன் பிறகு மொசார்ட் சிம்பொனி. அங்கே ஹார்ன் வரும், எழுதியிருப்பது ஒன்று, ஒலிப்பது வேறு. 40ஆம் சிம்பொனியின் முதல் பகுதியில் ஒரு ஹார்ன் பி பிளாட்டிலும் இன்னொன்று ஜியிலும் இருக்கும். இரண்டையும் பார்த்த மாத்திரத்தில் மாற்றி வாசிக்க வேண்டும். நான் கிரேடு 5 தியரி எழுதியபோது, பி பிளாட், ஏ, எஃப் வாத்தியங்களுக்குச் சுரம் மாற்றி எழுதும் கேள்வி வந்தது. கிரேடு 6க்குப் போக வேண்டுமே என்று மனப்பாடம் செய்து, எழுதி, மறந்துவிட்டேன். நீங்கள் இப்போது கிரேடு 5 தியரியில் இருந்தால், தயவுசெய்து அந்தக் கேள்வியை வாய்விட்டுப் பாடிப் பாருங்கள், பியானோவில் வாசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, முழு ஸ்கோரையும் வாசிக்க முயலக் கூடாது. பத்து விரல் போதாது. பாஸ் என்னும் அடிச் சுரம் வேண்டும், மெட்டு வேண்டும், இணக்கத்தை மாற்றும் சுரம் வேண்டும். மற்றதை விடத் தெரிய வேண்டும். ஒரு சுரமும் விடாமல் வாசிக்கப் பழகிய கைக்கு இதுதான் மிகக் கடினம், எனக்கு நாலு மாதம் பிடித்தது.

காதுக்கு இரண்டு தோழிகள் உதவினார்கள். இரண்டு பியானோ உள்ள ஓர் அறையை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, அவர்களை ஆர்கெஸ்ட்ராவாக உட்கார வைத்து நடத்துவேன். வேண்டுமென்றே ஆங்காங்கே ஒரு சுரத்தைத் தப்பாக வாசிக்கச் சொல்லியிருந்தேன், எங்கே என்று எனக்குச் சொல்லக் கூடாது. நான் நிறுத்தி, யார், எந்தக் கை, எது தப்பு என்று சொல்ல வேண்டும். முதல் வாரத்தில் பத்தில் இரண்டுதான் பிடித்தேன். கையை மறந்தால் காது கேட்டது, காதைக் கவனித்தால் கை நின்றது. மூன்றாம் மாதம் இரண்டும் சேர்ந்து ஓடத் தொடங்கின. இந்தச் செலவு மட்டும் தண்டமல்ல என்று உறுதியாகச் சொல்வேன். பேட்டனுக்கும் புத்தகங்களுக்கும் செலவழித்ததைவிட இதற்குத்தான் பலன்.

இரண்டாம் முறை வேறொரு கல்லூரி. நடத்திக்கொண்டிருக்கும்போதே வயோலா வரியைப் பாடச் சொன்னார்கள். பாடினேன். குரல் ஒன்றும் பிரமாதமில்லை, சுரம் சரியாக இருந்தது. இடம் கிடைத்தது.

பணம், மொழி பற்றிச் சுருக்கமாக. ஜெர்மனியில் கட்டணம் மாநிலத்துக்கும் கல்லூரிக்கும் ஏற்ப மாறும். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. விண்ணப்பிக்கும் முன் ஒவ்வொரு கல்லூரியின் பக்கத்திலும் நேராகப் பார்த்துவிடுங்கள். ஜெர்மன் மொழியை ஒரு வருடம் முன்பே தொடங்குங்கள். ஒத்திகையில் ஆர்கெஸ்ட்ராவோடு பேச வேண்டியவர் நாம்தான். நடத்துநரைவிட மொழிதான் முதலில் மேடையேறுகிறது என்று சில நாள் எனக்குத் தோன்றும்.

போன வாரம் டீச்சர் வீட்டுக்குப் போயிருந்தேன். படிவம் மூன்று படிக்கும் பையன் ஒருவன் கிரேடு 7க்குத் தயாராகிக்கொண்டிருந்தான். பாடல்கள் கச்சிதம், ஆரலில் கீழ்க்குரல் மட்டும் வரவில்லை, மேல் குரல் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. நான் மேல் குரலைப் பாட, அவனைக் கீழ்க்குரலைப் பிடித்து நிற்கச் சொன்னேன். அப்புறம் மாற்றிக்கொண்டோம். முக்கால் மணி நேரத்தில் மூன்று முறை நழுவாமல் நின்றான். டீச்சர் அடுப்படியிலிருந்து, "இன்னொரு தடவை, மெதுவா" என்றார். மறுபடி தொடங்கினோம்.