வாழைநார்க் காகிதக்கூடம்: மரம் வெட்டாத தாளுக்கு நாங்கள் பட்ட பாடு

திருச்சி மாவட்டத்தில் தொட்டியம் பக்கம், காவிரிக் கரையில், வாழைநாரிலிருந்து கையால் காகிதம் செய்யும் ஒரு சிறு கூடத்தை நாங்கள் சில பெண்கள் சேர்ந்து நடத்துகிறோம். முதல் ஏற்றுமதிப் பெட்டிகள் தூத்துக்குடிக்குக் கிளம்பிய பிறகுதான் இதை உட்கார்ந்து எழுத மனம் வந்தது. இந்தத் தொழிலில் இறங்க நினைப்பவர்கள் எங்களிடம் பெரும்பாலும் கூழ் காய்ச்சுவதைப் பற்றியும் தாள் எடுப்பதைப் பற்றியும்தான் கேட்கிறார்கள். அவற்றைப் பயிற்சியில் கற்றுக்கொள்ளலாம். எங்களை அலைக்கழித்தது வேறொன்று: மரத்திலிருந்து வராத காகிதம் என்று ஒன்று இருப்பதை எந்தப் படிவமும் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு மேசையிலும் நாங்கள் யார், எதைச் செய்கிறோம், எதைச் செய்வதில்லை என்பதை முதலிலிருந்து எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் இது நம் பகுதிக்குப் புதிய செய்தி அன்று. கரூர் மாவட்டம் புகழூரில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை 1984 முதல் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்து வருகிறது; சர்க்கரை ஆலைகள் கொதிகலனில் எரித்து வந்த சக்கையை வாங்கிக்கொண்டு, அதற்கு ஈடாக வேறு எரிபொருளைக் கொடுக்கும் ஏற்பாட்டில் வளர்ந்த ஆலை அது. அந்த முன்னுதாரணம் எங்களுக்குத் துணை நிற்கும் என்று நம்பியே, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவாணைக்கான விண்ணப்பத்துடன் வாரிய அலுவலகத்துக்குப் போனோம். அங்கே அதுவே எங்களுக்கு எதிராகத் திரும்பியது. "ஏம்மா, காகிதம் என்றால் ஆலைதானே, ஆலைக்கு உள்ளதெல்லாம் உங்களுக்கும் உண்டு" என்று சொன்ன எழுத்தர், கூழும் காகிதமும் என்ற தலைப்பின் கீழ் எங்கள் கோப்பைச் சேர்த்துவிட்டார். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மிகுந்த மாசு உண்டாக்குபவை என்று வகுத்துள்ள 17 தொழில்களில் கூழ், காகிதத் தொழிலும் ஒன்று. அந்த வகையில் விழுந்தால் கழிவுநீரை இடைவிடாமல் அளந்து இணையவழி அனுப்பும் கருவி வரை கேட்பார்கள். எங்களிடம் இருந்த எல்லா எந்திரங்களின் விலையையும் கூட்டினாலும் அந்தக் கருவியின் விலைக்கு எட்டாது.

அந்த எழுத்தரிடம் வாதாடிப் பயன் இல்லை என்பது விரைவில் புரிந்தது. அவர் முன்னால் இருந்த பட்டியலில் எங்களைப் போன்றவர்களுக்கு இடமே தெரியவில்லை. கோப்பு மேசை மேசையாக நகர்ந்து, மறுபடியும் அதே இடத்துக்கு வந்து கிடந்தது. கடைசியில் உதவியது ஒரே ஒரு பக்கக் குறிப்பு. அதில் நாங்கள் எழுதியவை இவைதாம்: மூலப்பொருள் வாழைநாரும் பனியன் துணிக் கழிவும் மட்டுமே, மரக்கூழ் இல்லை, குளோரின் வெளுப்பு எந்த வடிவிலும் இல்லை, அழுத்தக் கொதிகலன் இல்லை, திறந்த பாத்திரத்தில்தான் நார் வேகிறது, தாள் எடுக்கும் தொட்டியின் நீர் வடிகட்டப்பட்டு மீண்டும் தொட்டிக்கே வருகிறது, நாளொன்றுக்கு வெளியேறும் நீர் இவ்வளவு, அது போகும் இடம் இது. கூடவே, வெந்த நாரைக் கழுவிய நீரின் ஆய்வக அறிக்கையையும் இணைத்தோம். பாசன நிலத்தில் விடும் நீருக்குப் பொது விதி சொல்லும் எல்லைகள் கார அமில அளவு 5.5 முதல் 9 வரை, நீரிலுள்ள கரிமக் கழிவைக் காட்டும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குள் என்பவை. காரம் தணிக்கும் தொட்டியைக் கடந்து வந்த எங்கள் நீர் இரண்டுக்கும் உட்பட்டிருந்தது. அறிக்கையைப் பார்த்த பொறியாளர் நேரில் வந்தார், தொட்டியைச் சுற்றி நடந்தார், பொறுமையாகக் கேட்டார், எங்களை ஆலைகளின் வரிசையிலிருந்து பிரித்து எழுதினார். அந்தக் குறிப்பை இன்றும் பல படிகள் எடுத்து வைத்திருக்கிறோம். இந்த வழியில் வருகிறவர்கள் விண்ணப்பம் போடும் முதல் நாளிலேயே அதை மேலே வைத்துக் கொடுங்கள்.

காரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாரை வேகவைக்கக் காஸ்டிக் சோடா எளிது, விரைவு. ஆனால் அதிலுள்ள சோடியம் வடிநீரோடு போய் மண்ணை இறுகச் செய்யும். எங்கள் வடிநீர் போவது பக்கத்துத் தென்னைக்கு. அதனால் சுண்ணாம்பைக் கொண்டு நீண்ட நேரம் வேகவைக்கும் முறைக்கே மாறினோம். நார்களை இறுகப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் வாழைநாரில் மரத்தைவிடக் குறைவாகவே இருப்பதால் இந்த மென்மையான முறை அதற்குப் போதுமானதாக இருக்கிறது.

கடன் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில், ஊரகப் பகுதிப் பெண்களுக்குத் திட்டச் செலவில் 35 விழுக்காடு மானியம், சொந்தப் பங்கு 5 விழுக்காடு. விண்ணப்பமும் பரிந்துரையும் தடையின்றி முடிந்தன. வங்கிக் கிளையில்தான் நின்றது: வீட்டுப் பத்திரம் கொண்டு வந்தால் மேலே பேசலாம் என்றார்கள். 10 லட்சம் ரூபாய் வரையிலான குறு, சிறு தொழில் கடனுக்கு ஈட்டுச் சொத்து கேட்கக் கூடாது என்பது அப்போது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தலாக இருந்தது. எங்கள் கடன் அந்த எல்லைக்குள்தான் இருந்தது. அந்த அறிவுறுத்தலை அச்சடித்து, எங்கள் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, மறுப்பதானால் காரணத்தையும் எழுத்தில் தாருங்கள் என்று பணிவோடு கேட்டோம். பத்திரப் பேச்சு அதோடு நின்றது. மானியத் தொகை உடனே கையில் வராது, 3 ஆண்டுகள் வங்கியில் வைப்பாகவே இருக்கும் என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நடைமுறை மூலதனத்துக்கு அதை நம்பி இருக்கக் கூடாது.

மூலப்பொருளில் நான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "கழிவு" என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கும் அளவுக்கு அது சும்மா கிடப்பதில்லை. தார் வெட்டிய வாழையை எல்லாத் தோட்டத்திலும் உடனே சாய்க்க மாட்டார்கள். பக்கக்கன்றை அடுத்த விளைச்சலுக்கு மறுதாம்பாக விடுகிறவர்கள் தாய்மரத்தின் சத்து கன்றுக்கு இறங்கட்டும் என்று நிறுத்தி வைப்பார்கள். அங்கே போய் மரத்தைக் கேட்பது நியாயம் இல்லை. வாழையை முடித்து நெல்லுக்கு மாறுகிற வயல்களில்தான் அது உண்மையில் சுமை. ஆள் கூலி கொடுத்து வெட்டி, வாய்க்கால் கரையில் குவிப்பார்கள், காய்ந்ததும் கொளுத்துவார்கள். நாங்கள் அந்த வயல்களில் மட்டும் எடுக்கிறோம். அதற்கும் மரத்துக்கு இவ்வளவு என்று விலை கொடுக்கிறோம். இலவசமாகக் கிடைக்கும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். ஆனால் விவசாயியின் நிலத்தில் விளைந்த பொருளிலிருந்து நாம் காசு பார்க்கும்போது அவருக்கு ஒன்றும் இல்லை என்றால் அதை நேர்மையான வணிகம் என்று எந்த முகத்தோடு சொல்வது?

மரத்தை அப்படியே வண்டியில் ஏற்றிக் கூடத்துக்குக் கொண்டுவர நினைக்காதீர்கள். அதன் எடையில் 90 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர்தான். வண்டி வாடகை முழுவதும் தண்ணீருக்கே போய்விடும். நார் பிரிக்கும் எந்திரத்தை வயலுக்கே கொண்டுபோய், மட்டைகளை அங்கேயே சீவி நாராக்கி, சக்கையையும் சாற்றையும் வயலுக்கே விட்டுவிட வேண்டும். நாரை அன்றே கொடியில் போட்டுக் காயவைக்க வேண்டும்; ஈரத்தோடு கட்டி வைத்தால் பழுப்புப் புள்ளி விழும், பிறகு எதைப் போட்டுக் கழுவினாலும் போகாது. திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் நார் பிரிப்பதைப் பற்றிக் கேட்டறிந்தது எங்களுக்குப் பெரிதும் பயன்பட்டது.

பற்றுச்சீட்டு வாங்குவதில் நாங்கள் எதிர்பாராத தடை வந்தது. மரத்துக்குப் பணம் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டால், "ஏம்மா, எதுக்கு இதெல்லாம், நாளைக்கு இதை வச்சு என் மானியத்த நிறுத்திப்புட்டா?" என்று பெரியவர் ஒருவர் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். அவர் அச்சத்தில் தவறில்லை. காகிதத்தில் பெயர் ஏறிப் பலன் இழந்தவர்களை அவர் பார்த்திருக்கிறார். சீட்டின் நகல் ஒன்றை அவரிடமே கொடுத்து, எதற்காக வாங்கப்பட்டது என்பதைத் தமிழில் தெளிவாக அச்சிட்ட பிறகுதான் அந்தப் பக்கத்து விவசாயிகள் கையெழுத்திட்டார்கள்.

கூடத்து வேலையில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பயிற்சியில் அது வருவதில்லை. இந்தியாவில் கைக்காகிதத்துக்குப் பெரும்பாலும் மூலப்பொருள் பனியன் துணிக் கழிவு. ஜெய்ப்பூரை அடுத்த சாங்கனேரில் உள்ள குமரப்பா தேசியக் கைக்காகித நிறுவனம் அமைந்திருப்பதும் அந்த மரபு தழைத்த ஊரில்தான். கிராமத் தொழில்களுக்காக வாழ்ந்த தஞ்சாவூர்க்காரர் ஜே.சி.குமரப்பாவின் பெயரை அது தாங்கி நிற்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஆனால் பருத்திக்குச் சொல்லப்படும் அரைப்பு நேரம் வாழைநாருக்குப் பொருந்தாது. கூழ் அரைக்கும் பீட்டர் என்ற எந்திரத்தில் அதிகம் அரைபட்டால் நார் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், சல்லடையில் நீர் வடியாது, காய்ந்த தாள் எண்ணெய்த்தாள்போல ஒளி ஊடுருவும், ஓரங்கள் சுருண்டு அப்பளமாகும். குறைவாக அரைத்தால் நார்த் திரிகள் தாளில் முடிச்சு முடிச்சாக நிற்கும். சரியான அரைப்பு நேரம் பீட்டருக்குப் பீட்டர் மாறும். கண்ணாடிக் குவளையில் சிறிது கூழை நீரில் கலக்கி வெளிச்சத்தில் பார்த்து, திரிகள் பிரிந்து மேகமாகப் பரவியதும் நிறுத்துவதே எங்கள் வழி. திருப்பூர்ப் பனியன் வெட்டுத்துணிக் கூழை ஒரு பங்கு சேர்த்ததும் தாள் சமதளமாக நின்றது. கலந்த அளவை ஒவ்வொரு கட்டின் உறையிலும் அச்சிடுகிறோம். முழுக்க வாழைநார் என்று போட்டால் விலை கூடுதலாகக் கிடைக்கும் என்று சொன்ன வியாபாரிக்கு நாங்கள் இடம் கொடுக்கவில்லை.

தாளுக்கு மை ஊறாமல் இருக்கப் படிகாரமும் ரோசின் என்ற மரப்பிசினும் சேர்ப்பது பழைய வழக்கம். அது தாளில் அமிலத்தை விட்டுச் செல்லும். நாளடைவில் தாள் மஞ்சளாகி நொறுங்கும். ஓவியர்களுக்கு விற்க நினைப்பவர்கள் தொடக்கத்திலேயே நடுநிலைப் பசைக்குப் போய்விடுங்கள்.

இனி, என் மனத்தில் இன்னும் ஆறாத புண். ஜெர்மனியில் எழுதுபொருள் விற்கும் ஒரு நிறுவனம் மாதிரித் தாள்களை விரும்பியது. விலையும் ஒத்துவந்தது. பிறகு ஒரு வரி வந்தது: எஃப்.எஸ்.சி. சான்று இல்லாமல் வாங்க இயலாது. அது, காட்டிலிருந்து வரும் மரம் பொறுப்போடு வெட்டப்பட்டதா என்பதற்கு வனப் பொறுப்பாண்மைக் குழு என்ற பன்னாட்டு அமைப்பின் விதிப்படி தரப்படும் சான்று. சென்னையில் ஓர் ஆலோசகர், அதை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்டார். எங்கள் தாளில் மரமே இல்லையே என்று கேட்டதற்கு, எல்லாக் காகிதத்துக்கும் அது கட்டாயம் என்று உறுதியாகச் சொன்னார். சென்னைப் பயணமும் பணமும் காலமும் அங்கே வீணாயின. பிறகு அந்த அமைப்பின் தரவிதியையே எடுத்து வரிவரியாகப் படித்தோம். காட்டைச் சாராத தாவரப் பொருள் அதில் நடுநிலைப் பொருள் என்று வகுக்கப்பட்டிருக்கிறது. காட்டுப் பொருளே இல்லாத சரக்குக்கு அந்த முத்திரைக்கு இடமே இல்லை. அந்தப் பகுதியைக் குறிப்பிட்டு, எங்கள் ஒரு பக்கக் குறிப்பையும் விவசாயிகளின் பற்றுச்சீட்டுகளையும் இணைத்து அனுப்பினோம். ஜெர்மானிய நிறுவனத்தின் கொள்முதல் பிரிவு மன்னிப்புக் கேட்டு நிபந்தனையை நீக்கியது. முன்பணம் திரும்பவில்லை. விற்பவரின் வாயால் கேட்பதைவிட விதியை நீங்களே படியுங்கள். மொழி கடினம் என்றால் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உற்பத்தியாளருக்கு உரிய விலையும் கூலியும் கிடைக்க வேண்டும் என்னும் நியாய வணிகத்துக்கான கேள்வித்தாள் அதைவிட நீளமானது, ஆனால் அதில் எனக்கு வருத்தம் இல்லை. உலக நியாய வணிக அமைப்பின் 10 கோட்பாடுகள் கேட்பவை கேட்கப்பட வேண்டியவையே: கூலி எப்படி நிர்ணயிக்கப்படுகிறது, குழந்தைகள் வேலை செய்கிறார்களா, பெண்களுக்குச் சம ஊதியமா, சுற்றுச்சூழலுக்கு என்ன செய்கிறீர்கள். தாளுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து வந்த நாங்கள், அதை மணிக்கணக்கில் மாற்றிப் பார்த்தபோது, நார் சுத்தம் செய்யும் அக்காமார்களுக்குத் தாள் எடுப்பவர்களைவிடக் குறைவாகப் போவது தெரிந்தது. இருவருக்கும் ஒரே நாள்கூலி என்று மாற்றினோம். அந்தக் கோட்பாடுகளில் விற்பவருக்கும் ஒரு பாதுகாப்பு உண்டு, அதைப் பலர் கேட்பதே இல்லை: கைவினைப் பொருளுக்கு, கேட்டால், குறைந்தது 50 விழுக்காடு முன்பணத்தை வட்டியில்லாமல் வாங்குபவர் தர வேண்டும். நாங்கள் கேட்டோம், தந்தார்கள். நார் வாங்கவும் கூலி கொடுக்கவும் கந்துவட்டிக்குப் போகாமல் அந்த ஆர்டரை முடித்தது அதனால்தான்.

ஏற்றுமதிக் குறியீட்டு எண் இணையத்திலேயே கிடைத்தது. கப்பல் முகவர் மட்டும் கடைசி நேரத்தில் பெட்டிகளை மரப் பலகைத் தட்டில் அடுக்கச் சொன்னார். மரத்தட்டு போனால், மரத்தில் பூச்சி பரவாமல் இருக்க வெப்பம் போன்ற நேர்த்தி செய்ததற்கான முத்திரை அதில் வேண்டும். முத்திரையில்லாத தட்டு துறைமுகத்திலேயே நின்றுவிடும். அட்டைத் தட்டு கேட்டு வாங்கி அதில் அடுக்கினோம்.

இரண்டாவது ஆர்டர் வந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் தாள் காய்வதே இல்லை என்பதால், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை எந்த ஒப்படைப்புத் தேதியும் ஏற்க மாட்டோம் என்று இந்த முறை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டோம்.