தேயிலைப் பெட்டிக்கு டை: காசு எங்கே போகிறது?

குன்னூர், கோத்தகிரி பக்கம் சொந்தப் பெயரில் தேயிலை விற்கத் தொடங்குபவர்கள் கோவையிலோ சிவகாசியிலோ பெட்டிக்கு விலை கேட்டால், கொட்டேஷனில் டைக்கென்று, அதாவது அட்டையைப் பெட்டி வடிவில் வெட்டி மடிப்புக் கோடு போடும் அச்சுக்கென்று, தனியாக ஒரு தொகை இருக்கும். சின்னப் பெட்டிக்கு இவ்வளவா என்று தோன்றும். எத்தனை மீட்டர் ரூல் (டையில் பதிக்கும் இரும்புப் பட்டை), எத்தனை வளைவு, ஒரு ஷீட்டில் எத்தனை அப்ஸ் (ஒரே அடியில் விழும் பெட்டிகள்) என்பதை வைத்தே அந்தத் தொகை போடப்படுகிறது.

80 × 50 × 150 மி.மீ. பெட்டி, இரு பக்கமும் செருகுமூடி, 15 மி.மீ. பசைமடிப்பு என்று வைத்துக்கொள்வோம். விரித்தால் 275 × 280 மி.மீ. வெட்டும் ரூல் சுமார் 1.4 மீட்டர், மடிப்புக் கோடு பதிக்கும் கிரீசிங் ரூல் 1.1 மீட்டர். 18 மி.மீ. பிளைவுட்டில் லேசரால் கோடு அறுத்து, 23.8 மி.மீ. உயர ரூலை அடித்து இறக்கி, இருபுறமும் ரப்பர் ஒட்டுவார்கள். இதில் இரும்பின் விலை சொற்பம். வளைக்கிற கூலிதான் அதிகம். தேயிலை தெரியட்டும் என்று இலை வடிவில் ஒரு ஜன்னல் கேட்டால் ரூல் நீளம் கொஞ்சம்தான் கூடும், தொகை நன்றாகவே கூடும்.

4 அப்ஸ் என்றால் ரூல் 10 மீட்டருக்கு வந்துவிடும். ஆனால் 10,000 பெட்டிக்கு மெஷின் 2,500 முறை அடித்தால் போதும். ஆயிரம் பெட்டிதான் வேண்டுமென்றால் 4 அப்ஸ் வீண். டை 4,000 ரூபாய் என்றே வைத்தாலும், ஆயிரத்தில் பெட்டிக்கு 4 ரூபாய் விழும், பத்தாயிரத்தில் 40 பைசா.

டைக்குச் சொல்வதற்கு முன் அதே போர்டில் கையால் வெட்டிய டம்மி (மாதிரிப் பெட்டி) வாங்கி, சொந்தச் சரக்கையே பையோடு போட்டுப் பார்க்க வேண்டும். 250 கிராம் டஸ்ட் (தூள் தேயிலை) அடங்கும் பெட்டியில் 250 கிராம் ஆர்த்தடாக்ஸ் இலை (சுருட்டிய முழு இலைத் தேயிலை) அடங்காது. இரண்டுக்கும் ஒரே டை என்ற கணக்கு இங்கேதான் உதைக்கும். பிறகு ரூலை 2 மி.மீ. நகர்த்தித் தரச் சொன்னாலும் முடியாது. பழைய வெட்டுக்கும் புதிய வெட்டுக்கும் நடுவே மிஞ்சும் மரம் உடைந்துவிடும், புதுக் கட்டைதான்.

மடிப்பில் மேல்தாள் வெடித்தால் உடனே டையைக் குறை சொல்லிவிடுவார்கள். போர்டின் நார் ஓட்டத்தையும் மேட்ரிக்ஸ் (கிரீசிங் ரூல் போர்டை அழுத்தும் பள்ளம் உள்ள பட்டை) அகலத்தையும் முதலில் பாருங்கள். 0.4 மி.மீ. போர்டுக்கு, அதன் ஒன்றரை மடங்கோடு ரூல் தடிமன் 0.7 கூட்டினால் 1.3 மி.மீ. பள்ளம் வேண்டும். பள்ளம் குறுகினால் தாள் கிழியும், அகன்றால் மடிப்பு கோணும். மேட்ரிக்ஸ் தேயும் பொருள் என்பதால் ரிப்பீட் ஆர்டரிலும் அதற்குச் செலவு உண்டு.

வெட்டிய ஓரத்தில் பஞ்சுபோல் நார் தெரிந்தால் வெட்டும் ரூல் மழுங்கிவிட்டது. அதே கட்டையில் ரூல் மட்டும் மாற்றலாம், புது டையைவிட மலிவு. வெட்டுகள் தளர்ந்து ரூல் ஆடத் தொடங்கும்வரை இது ஓடும்.

காசு கொடுத்தவருக்கே டை சொந்தம் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பிரஸ் மாறும்போது கேட்டால் பேச்சுதான் வளரும். ஆனாலும் டை மலைக்குக் கீழே பிரஸ்ஸிலேயே இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூர் குடோன் ஈரத்துக்கு பிளைவுட் வளையும், ரூலில் துரு ஏறும். மேலே கொண்டுவந்தே ஆக வேண்டுமென்றால், ரூலில் லேசாக எண்ணெய் தடவி, சுவரில் படாமல் நிறுத்தி வையுங்கள்.