புவெப்லாவில் டாக்சிக்காரர் தின்ற பணமும் நான் தின்ற கிழங்கு மிட்டாயும்

முதலில் டாக்சி விவகாரத்தைக் கொட்டிவிடுகிறேன். இல்லாவிட்டால் இனிப்பைப் பற்றி எழுதும்போதும் கசக்கும்.

மெக்சிகோ சிட்டியிலிருந்து புவெப்லாவுக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரம். பஸ்ஸில் ஒரு குறையும் இல்லை. இறங்கிய பிறகுதான் வினை. பேருந்து நிலையத்துக்குள்ளேயே பணம் கட்டிச் சீட்டு வாங்கி டாக்சி ஏறும் கவுன்ட்டர் இருக்கிறது. வரிசையைப் பார்த்து மலைத்துப்போய் வெளியே வந்து, கையைத் தட்டிக் கூப்பிட்டவரின் வண்டியில் ஏறினேன். 250 பெசோ வாங்கிவிட்டார். சாயங்காலம் அதே தூரத்தைத் திரும்பி வந்தபோது ஆனது 90. பெசோவுக்கு ஐந்து ரூபாய் என்பது என் மனக்கணக்கு. எண்ணூறு ரூபாய் தண்டம்! கவுன்ட்டருக்கே போங்கள், வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும்.

அந்த நஷ்டத்தை ஈடுகட்ட, மதியச் சாப்பாட்டை ரத்து செய்தேன். வயிற்றை நிரப்ப இனிப்புத் தெரு இருக்கிறதே!

ஆறு ஓரியந்தே என்பது தெருவின் பெயர். ஊரார் வாயில் அது ‘காயே தே லோஸ் துல்செஸ்’, அதாவது இனிப்புத் தெரு. வரிசையாக மிட்டாய்க் கடைகள். நடுவே ஒரு வீட்டின் முகப்பு முழுக்கத் துப்பாக்கிக் குண்டு துளைத்த தழும்பு. 1910 நவம்பரில் மெக்சிகோ புரட்சி வெடிக்கவிருந்த வாரத்தில், புரட்சிக்காரர் அகிலெஸ் செர்தானும் அவர் குடும்பத்தாரும் போலீசோடும் ராணுவத்தோடும் சண்டையிட்ட வீடு அது. இப்போது அருங்காட்சியகம். கையில் மிட்டாயோடு அந்தச் சுவர் முன்னால் நின்றது எனக்கே ஒருமாதிரி இருந்தது.

இனி மிட்டாய். வாங்க வேண்டியவை, வீட்டில் செய்ய வேண்டியவை என்று பிரித்து எழுதத்தான் நினைத்தேன். ஆனால் கமோத்தேயை விட்டுவிட்டு வேறெதையும் என்னால் ஆரம்பிக்க முடியாது. கமோத்தே என்றால் சர்க்கரைவள்ளிக்கிழங்கு. அதை மசித்து, சர்க்கரையோடு கிளறி, சுருட்டு மாதிரி உருட்டி, மெழுகுக் காகிதத்தில் சுற்றி விற்கிறார்கள். வெளியே மெல்லிய சர்க்கரைப் பொருக்கு, உள்ளே வெண்ணெயாகக் கரைகிற கிழங்கு. எலுமிச்சை, ஆரஞ்சு, அன்னாசி என்று வாசனைகள். ஆரஞ்சுக்குத்தான் என் ஓட்டு. இந்த மிட்டாய் சாந்தா கிளாரா கன்னிமடத்துச் சமையலறையில் பிறந்தது என்று கதை சொல்கிறார்கள். மடம் இருந்ததும் இதே தெருவில்தான்.

மடத்தின் பெயரிலேயே இன்னொன்று: தொர்த்தீத்தாஸ் தே சாந்தா கிளாரா. விளிம்பு கட்டிய வட்ட பிஸ்கட், நடுவே பூசணி விதையை அரைத்துச் சர்க்கரையோடு கிளறி ஊற்றிய வெள்ளைப் பூச்சு. பூச்சு அபாரம். பிஸ்கட் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், சைவக்காரர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். கேட்காமல் மூன்றைத் தின்றவன் சொல்கிறேன்.

பலங்கேத்தா என்று ஒன்றை ஆசையாகக் காட்டினார் கடைக்கார அம்மா. கடலை மிட்டாய்! கோவில்பட்டியை நாக்கில் வைத்திருக்கும் ஆளிடமா? அதற்குப் பக்கத்திலிருந்த அலெக்ரீயா வேறு ரகம். தண்டுக்கீரை இனத்துத் தானியத்தைப் பொரித்து, தேனிலோ வெல்லப்பாகிலோ பிடித்த கட்டி. பெயருக்கு மகிழ்ச்சி என்று பொருள். மெக்சிகோவின் பூர்வகுடிகளான அஸ்தெக்குகள், ஸ்பெயின்காரர்கள் வருமுன் இந்தத் தானிய மாவில் சாமி உருவம் பிடித்துப் படைத்து உண்டவர்கள். விலையும் மலிவு, பெட்டியில் உடையாமலும் வந்து சேர்ந்தது.

நான் செய்த முட்டாள்தனம், கமோத்தே இரண்டு பெட்டி வாங்கிச் சுமந்து வந்தது. அதை வீட்டிலேயே செய்யலாம். நார் இல்லாத வெள்ளைக் கிழங்கு ஒரு கிலோவை வேகவைத்துத் தோலுரித்து, சல்லடையில் தேய்த்து மசியுங்கள். அடிகனமான சட்டியில் முக்கால் கிலோ சர்க்கரையோடு கிளறுங்கள். அல்வா போலச் சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரவேண்டும். கை கடுக்கும், விடாதீர்கள். இறக்கும் முன் ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போடுங்கள். ஆறியதும் விரல் தடிமனுக்கு உருட்டி ஒரு நாள் காயவைத்து, கெட்டிப் பாகைத் தடவி மறுபடி காயவையுங்கள்.

மதுரை மொட்டைமாடியில் நான் காயவைத்த முதல் தட்டு எறும்புக்குப் போனது. இரண்டாவது தட்டைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்துக்கு நடுவே கிண்ணம் கவிழ்த்து அதன் மேல் வைத்தேன். எறும்பு தோற்றது, காக்கை ஜெயித்தது. இப்போது மூன்றாவது தட்டு, மேலே வெள்ளைத் துணி கட்டி, பக்கத்தில் அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். “இந்தக் கிழங்குருண்டைக்கா அவ்வளவு தூரம் போனே?” என்று இதுவரை நான்கு முறை கேட்டாயிற்று. டாக்சிக்குக் கொடுத்ததை இன்னும் சொல்லவில்லை.