அத்தையின் வலது முட்டி: பாலக்கோட்டுக் குறிப்புகள்

ஜூன் 8, 2025, ஞாயிறு

அத்தையின் எக்ஸ்ரே வந்துவிட்டது. நிற்க வைத்து எடுத்த படம். படுக்க வைத்து எடுத்தால் எலும்புகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி ஏமாற்றிவிடும். வலது முட்டியின் உட்பக்கம் இடைவெளி பாதிக்கு மேல் போய்விட்டது, ஓரங்களில் எலும்பு முளைத்திருக்கிறது. மூன்றாம் நிலை என்று எழுதியிருக்கிறார்கள். 1957இல் கெல்கிரென், லாரன்ஸ் என்ற இருவர் வகுத்த அளவு இது, நான்கோடு முடிகிறது.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா படத்தைப் பார்க்காமலேயே தீர்ப்புச் சொன்னார்: "எல்லாம் போர்த் தண்ணி பண்ற வேலை." எங்கள் மாவட்டத்தில் இது வெறும் பேச்சில்லை. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், அதனால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆனால் ஃப்ளோரைடு எலும்பைத் தாக்கினால் படத்தில் எலும்பு அடர்த்தியாக வெளுத்துத் தெரியும், முதுகெலும்பும் இறுகும். அத்தைக்கு அப்படி எதுவும் இல்லை. நாற்பது வருஷம் குத்துக்கால் போட்டுத் தக்காளி பறித்த முட்டி. வந்திருப்பது தேய்மானம்தான்.

ஜூன் 12, வியாழன்

மாற்று மூட்டு அறுவை பற்றித் தர்மபுரியில் டாக்டர் பேச ஆரம்பித்ததுமே அத்தை செருப்பைத் தேடினார். "கால அறுக்க நான் ஒத்துக்க மாட்டேன்மா." விலைதான் பயம் என்று என் கணவர் நினைத்துக்கொண்டு, 2017இல் செயற்கை மூட்டுக்கு மத்திய அரசு உச்சவரம்பு போட்டதையும், கோபால்ட் குரோமியம் மூட்டு 54,720 ரூபாய் என்று அப்போது நிர்ணயித்ததையும் விளக்கிக்கொண்டிருந்தார். அத்தைக்குப் பயம் கத்தியிடம்தான்.

நான் மெடிக்கலில் வேலை பார்ப்பவள். சந்தை நாளன்று டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை எப்படிப் போகிறது என்று எனக்குத் தெரியும். அத்தைக்கு பத்து வருஷமாகச் சர்க்கரை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு விளிம்பில் நிற்கிறது. சிறுநீரகத்துக்கு ஆகாத அந்த மாத்திரையைத் தினமும் கொடுக்க எனக்கு மனசில்லை.

ஸ்டீராய்டு ஊசி மாசி மாதமே போட்டாயிற்று. சில வாரம் நன்றாக நடந்தார், சர்க்கரைதான் அந்த வாரம் முழுக்க எகிறிக் கிடந்தது. மறுபடி மறுபடி போடலாமா என்றால் நான் யோசிப்பேன். 2017இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு வருஷம் ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு போட்டவர்களுக்கு, வெறும் உப்புநீர் போட்டவர்களை விட வலி குறையவில்லை. குருத்தெலும்பு மட்டும் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. கல்யாணம், திருவிழா என்று அவசரத்துக்கு ஒன்று சரி. வழக்கமாக்கக் கூடாது.

ஜூன் 23, திங்கள்

இன்று கோபம். ஒரு கிளினிக்கில் பி.ஆர்.பி. ஊசியைப் பேக்கேஜாக விற்கிறார்கள். நம் ரத்தத்தையே எடுத்து, சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்து முட்டிக்குள் போடுவது. "சவ்வு புதுசா வளரும்" என்றார் அங்கிருந்தவர். வளரும் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டேன், சிரித்தார். கேட்ட தொகைக்கு ஒரு கறவை மாடு வாங்கலாம்.

பி.ஆர்.பி. சுத்த ஏமாற்று என்று சொல்லவில்லை. சிலருக்கு வலி குறைகிறது, தயாரிக்கும் முறையும் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஆனால் 2021இல் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் உப்புநீரோடு ஒப்பிட்டபோது, ஒரு வருஷம் கழித்து வலியிலும் சரி, குருத்தெலும்பிலும் சரி, சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஜெல் ஊசி, அதாவது ஹையலூரானிக் அமிலம், அதைப் பற்றியும் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது.

ஜூலை 2, புதன்

தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம். ஒரு வலி சிகிச்சை மருத்துவர். முட்டியின் வலிச் செய்தியை மேலே கொண்டுபோகும் சிறு நரம்புகளைச் சூட்டால் செயலிழக்க வைப்பது பற்றி அவரே படம் போட்டுக் காட்டினார். 2011இல் கொரிய மருத்துவர்கள் இதை ஆராய்ந்து எழுதிய பிறகுதான் பரவியதாம். குறிவைப்பது மூன்று இடம்: மேலே உள்ளும் வெளியும், கீழே உட்பக்கம். கீழே வெளிப்பக்கத்தைத் தொடுவதில்லை. பாதத்தைத் தூக்கும் நரம்பு அந்தப் பக்கம் ஓடுகிறது.

நேராகச் சுடுவதில்லை, முதலில் ஒத்திகை என்றார். இதுதான் எனக்குப் பிடித்தது. அந்த மூன்று இடத்தில் லிக்னோகெய்ன் என்ற மரத்துப்போகும் மருந்தைப் போட்டு, சில மணி நேரம் வலி பாதியாவது குறைகிறதா என்று பார்க்கிறார்கள். குறையாவிட்டால் சூடு போட்டும் பயனில்லை. அத்தையை மருத்துவமனைப் படியில் ஏறி இறங்க வைத்தோம். மூன்றாவது சுற்றில் கைப்பிடியை விட்டுவிட்டார்.

முட்டிக்குள் புதிதாக முளைத்த நுண் ரத்தக்குழாய்களை அடைக்கும் முறையும் ஒன்று உண்டு, ஜப்பானில் தொடங்கியது. தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டுச் செய்வது. இப்போதைக்கு அது வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

ஜூலை 15, செவ்வாய்

முடிந்தது. மரத்துப்போகும் ஊசிதான், மயக்கம் இல்லை. எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி ஊசி இறக்கி, முதலில் லேசான மின்சாரம் விட்டுக் கால் துடிக்கிறதா என்று சோதித்தார்கள். துடித்தால் அது அசைவு நரம்பு, தொடக் கூடாது. பிறகு ஒவ்வோர் இடத்திலும் 80 டிகிரி, ஒன்றரை நிமிடம். சாயந்திரமே வீடு.

ஜூலை 21, திங்கள்

முட்டியைச் சுற்றி எரிச்சல். "இதுக்கா அத்தனை தூரம் கூட்டிட்டுப் போன?" என்கிறார். முதல் ஒன்றிரண்டு வாரம் வலி கூடலாம் என்று முன்பே சொல்லித்தான் அனுப்பினார்கள். ஐஸ் ஒத்தடம், பாராசிட்டமால்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஊரில் பாதிப்பேர் ஒகேனக்கல்லில். அத்தை கோயிலைச் சுற்றி வந்துவிட்டு உட்காராமல் நின்று பேசினார். நல்லதுதான். ஆனால் தேய்ந்தது தேய்ந்ததுதான். நரம்பு ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் மறுபடி முளைக்கும். அதற்குள் தொடை முன்தசை வலுவாக வேண்டும்.

முட்டிக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தும் பயிற்சியைச் சொன்னால், "நாற்பது வருஷம் காட்டுல வேலை செஞ்ச உடம்பும்மா இது" என்கிறார். வீட்டுக்கே வந்து பார்க்கும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவத்தில் வரும் பிசியோதெரபிஸ்ட் சொன்னால் மட்டும் செய்கிறார். (அந்தத் திட்டம் 2021இல் தொடங்கியது எங்கள் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான்.) ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டிக்கு நான்கு கிலோ பாரம் குறையும் என்று அந்தப் பெண் சொன்னதும், களி உருண்டை தானாகவே சிறுத்தது. நான் இதையே எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கழிப்பறையில் வெஸ்டர்ன் கோப்பை வைத்தாயிற்று. முதலிலேயே செய்திருக்க வேண்டியது, கொத்தனார் கிடைக்கவில்லை. டைக்ளோஃபெனாக் அட்டையை வீட்டிலிருந்து எடுத்துவிட்டேன். இடது முட்டிக்கும் செய்யலாமா என்று சேலத்தில் கேட்டார்கள். அத்தை என்னைப் பார்க்காமல் டாக்டரிடமே சொன்னார்: "நடவு முடியட்டும் சார், தை மாசம் பாத்துக்கலாம்." தையில் கிரியாட்டினினும் பார்த்துவிட்டுத்தான் என்று நான் சேர்த்துக்கொண்டேன். அடுத்த குறிப்பு அப்போது.