பள்ளி திறந்தால் முதல் இரண்டு வாரம் பாடத்தை விடுங்கள்

ஜூன் வந்துவிட்டால் வடசென்னையில் காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: "லீவுல எல்லாத்தையும் மறந்துட்டான், உடனே டியூஷன் சேர்க்கணும்." தெருப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லிக் கொடுப்பதால் அந்தப் பேச்சு நேராக என்னிடம் வந்து சேரும். நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான். முதல் இரண்டு வாரம் பாடத்தை விடுங்கள், பிள்ளையின் தூக்கத்தையும் பயத்தையும் பாருங்கள்.

தூக்கம்தான் முதலில். ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம் தூங்க வேண்டும். மே மாதம் முழுக்க நள்ளிரவு வரை மொபைல் பார்த்துவிட்டுப் பத்து மணிக்கு எழுந்த பிள்ளையை, திறக்கிற அன்று ஆறு மணிக்கு உலுக்கினால் எழுந்திருக்கும், ஆனால் வகுப்பில் கண் சொக்கும், டீச்சர் கவனமில்லை என்பார், வீட்டில் அடி விழும். ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் அரை மணி நேரம் முன்னால் எழுப்புங்கள். எழுந்ததும் வாசலுக்கோ மொட்டை மாடிக்கோ அனுப்புங்கள், காலை வெளிச்சம் பட்டால்தான் ராத்திரி நேரத்தோடு தூக்கம் வரும். ஒரே ரூம் வீட்டில் டிவி ஓடும்போது பிள்ளை மட்டும் எப்படித் தூங்கும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, அதனால் பெரியவர்களும் அந்த நாட்களில் ஒன்பது மணிக்கே டிவியை நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை காலைச் சிற்றுண்டி உண்டு. பொங்கலோ கிச்சடியோ, வகுப்பு தொடங்கும் முன்பே போடுவார்கள். லேட்டாகப் போகிற பிள்ளைக்கு அதுவும் போச்சு.

எங்கள் பக்கத்துக்கென்றே இன்னொரு விஷயம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிற அப்பாக்கள் கரையில் இருப்பார்கள், வலை சரிசெய்வார்கள், சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சுற்றுவார்கள். பிறகு அந்த ஜூனிலேயே பள்ளியும் திறக்கும், அப்பாவும் கடலுக்குப் போவார், திரும்ப நாளாகும். ரெண்டு மாசம் கூடவே இருந்தவர் திடீரென்று இல்லாமல் போவது சின்னப் பிள்ளைக்குப் பெரிய அடி. ஒரு பையன் காலையானால் வயித்து வலி என்று அழுவான். டாக்டரிடம் காட்டியாயிற்று, ஒன்றுமில்லை. பள்ளியில் யாராவது மிரட்டுகிறார்களா என்று கேட்டால் அதுவும் இல்லை. ஒரு நாள் நோட்டை மூடி வைத்துவிட்டு என்னிடம் கேட்டான்: "மிஸ், நான் ஸ்கூல்ல இருக்கறப்போ அப்பா வந்துட்டுத் திரும்பப் போயிட்டா?"

அவன் அம்மாவிடம் சொன்னேன். படகு எந்த நேரம் கரைக்கு வந்தாலும் ஸ்கூல் விட்டதும் நேராகத் துறைமுகத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்று பையனிடம் வாக்குக் கொடுத்து, அப்படியே செய்தார். அழுகை மெல்லக் குறைந்தது. எல்லாப் பிள்ளைக்கும் காரணம் இதுவாக இருக்காது. டீச்சர் மாறியிருக்கலாம், பழைய நண்பன் வேறு செக்‌ஷன் போயிருக்கலாம். அழுகிற நேரத்தில் கேட்டால் சொல்ல மாட்டார்கள், சாப்பாடு போடும்போதோ தலை வாரிவிடும்போதோ கேளுங்கள்.

கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளி ஒன்று முதல் எட்டாம் வகுப்புக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. ஒன்றாம் வகுப்போடு நின்ற பிள்ளைகள் நேராக மூன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தார்கள், அதில் பலர் பெயரைத் தவிர எதுவும் எழுத மறந்திருந்தார்கள். அவர்களே மறுபடி படிக்கப் பழகிவிட்டார்கள், ஒரு மே மாத லீவுக்கு இவ்வளவு பதற்றம் வேண்டாம்.

அப்புறமும் பிள்ளை பள்ளிக்குப் போகவே மறுத்தால் வகுப்பு டீச்சரைப் பாருங்கள், கல்வித் துறையின் 14417 எண்ணிலும் பேசலாம். வாய்ப்பாடு, எழுத்துப் பிழை எல்லாம் மூன்றாவது வாரம் கொண்டு வாருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.