டர்பனில் பிரஷர் மாத்திரைக்கு அனுமதி வாங்கிய கதை

தென்னாப்பிரிக்காவில் உயர் ரத்த அழுத்தம் சட்டப்படி நாள்பட்ட நோய்ப் பட்டியலில் இருக்கிறது. உங்கள் மெடிக்கல் எய்டு (மாதச் சந்தா கட்டும் தனியார் மருத்துவக் காப்புத் திட்டம்) எவ்வளவு மலிவான பிளானாக இருந்தாலும் பரிசோதனை, டாக்டர் கட்டணம், மருந்து எல்லாவற்றையும் அது ஏற்க வேண்டும். இது தெரியாமல் மாதாமாதம் சொந்தச் சேமிப்பிலிருந்து மாத்திரை வாங்குகிற நம்மவர்கள் டர்பனில் இருக்கிறார்கள். ஆனால் சலுகை தானாக வந்து சேராது. குடும்ப டாக்டர் முறைப்படி எழுதித் தந்து, மெடிக்கல் எய்டிடம் அனுமதி வாங்க வேண்டும். அங்கேதான் எனக்குச் சிக்கல் ஆரம்பித்தது.

முதலில் பார்த்த டாக்டர் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர். நல்ல மனிதர், எப்போதும் கூட்டம். படியேறிப் போய் உட்கார்ந்ததுமே சட்டைக் கைக்கு மேலேயே பிரஷர் அளக்கும் பட்டையைச் சுற்றி, ஊர்க்கதை பேசிக்கொண்டே ஒரே ஒரு தடவை அளந்தார். 158/96. உடனே அட்டெனலால் என்ற பிரஷர் மாத்திரையை எழுதினார். ஃபார்மசியில் கொடுத்தால், “இது சேமிப்புக் கணக்கிலிருந்துதான் போகும்” என்றார்கள். மெடிக்கல் எய்டில் இருக்கும் என் சொந்தப் பணம் அது. காரணம், சீட்டில் R03.0 என்ற குறியீடு. அளவு கூடியிருக்கிறது, ஆனால் நோய் என்று முடிவு செய்யவில்லை என்பதற்கான குறியீடு அது. உயர் ரத்த அழுத்த நோய்க்கு I10 என்று இருக்க வேண்டும். நோய் என்று முடிவாகாத ஒன்றுக்கு மாத்திரை எப்படி என்று எனக்குக் குழப்பம். மாத்திரையை வாங்காமல் திரும்பிவிட்டேன்.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொல்லி டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இன்னொரு டாக்டரிடம் போனேன். அங்கே முதலில் கூப்பிட்டது சிஸ்டர். ஜூலு அம்மா, கறாரானவர். பாத்ரூம் போய்விட்டு வரச் சொன்னார். முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படிய, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் உட்கார வைத்தார். நான் வாயைத் திறந்ததும், “பாபா, பேசக் கூடாது.” என் புஜத்தைப் பார்த்துவிட்டு அலமாரியிலிருந்து பெரிய பட்டையை எடுத்தார். சின்னப் பட்டை பருத்த கையில் உள்ளதை விடக் கூட்டித்தான் காட்டும். கையை மேசையில் இதய மட்டத்துக்கு வைத்து, இரண்டு கையிலும் அளந்து, கூடுதலாக வந்த கையில் மறுபடியும் எடுத்தார். 146/92.

அதற்கும் டாக்டர் மாத்திரை எழுதவில்லை. 180/110 மாதிரி எகிறியிருந்தால் வேறு கதை. இல்லையென்றால் இன்னொரு நாளும் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்றார். ஒரு வாரம் வீட்டில் காலையும் மாலையும் இரண்டிரண்டு தடவை அளந்து குறித்து வரச் சொன்னார். முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி; 135/85-ஐத் தொட்டால் வீட்டு அளவிலும் பிரஷர்தான். எனக்கு 141/88 வந்தது. அப்புறம்தான் சிறுநீரகத்தைப் பார்க்கும் கிரியேட்டினின், பொட்டாசியம், சர்க்கரை, கொழுப்பு, சிறுநீர்ப் பரிசோதனை, இசிஜி எல்லாம்.

அமெரிக்காவில் இருக்கும் என் அத்தான் 130-ஐத் தாண்டினாலே நோய் என்பார். அங்கே 2017-இல் எல்லையை 130/80 ஆக்கிவிட்டார்கள், இங்கே 140/90தான். வேறு இதயக் கோளாறு இல்லாதவருக்கு முதல் மருந்தாக இங்குள்ள மருத்துவ வழிகாட்டுதல் சொல்வதும் அட்டெனலால் வகை இல்லை. முதல் டாக்டருக்கு இது தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். காத்திருக்கும் கூட்டத்தில் ஐந்து நிமிடம் ஒருவரைச் சும்மா உட்கார வைக்க அவரிடம் இடமும் இல்லை, ஆளும் இல்லை. ஆனால் டாக்டருக்கு வழிகாட்டுதல் பழக்கமா என்று பார்க்க நான் இப்போது கவனிப்பது மருந்துச் சீட்டை அல்ல, பட்டையை எப்படிக் கட்டுகிறார்கள் என்பதைத்தான்.

மெடிக்கல் எய்டு படிவத்தில் I10, தேதியோடு அளவுகள், மருந்தின் பெயர், டோஸ் எல்லாம் டாக்டரே நிரப்பினார். அனுமதி சீக்கிரமே வந்தது. மருந்து ஸ்கீமின் (மெடிக்கல் எய்டுதான்) பட்டியலில் உள்ளதாகவும், கடை ஸ்கீம் குறித்ததாகவும் இருந்தால் கைக்காசு வேண்டாம்.

எனலாப்ரில் 10 மில்லிகிராமில் ஆரம்பித்தோம். பிரஷர் இறங்கியது, கூடவே வறட்டு இருமல். ராத்திரியெல்லாம் லொக் லொக். இந்த வகை மருந்தில் சிலருக்கு வருவதுதான். லோசார்டானுக்கு மாற்றினோம். எனக்குக் கொடுத்த பிராண்ட் பட்டியலில் இல்லை என்று ஸ்கீம் வித்தியாசத் தொகை கேட்டது. பட்டியல் மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் தண்டத்தொகை இல்லாமல் தகுந்த மாற்று மருந்து தர வேண்டும் என்று மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டத்தின் விதிகளிலேயே இருக்கிறது. டாக்டர் இருமலைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதினார், தொகை போய்விட்டது. அப்படியும் மறுத்தால் இந்த ஸ்கீம்களைக் கண்காணிக்கும் மெடிக்கல் ஸ்கீம்ஸ் கவுன்சிலில் புகார் செய்யலாம்.

உப்பைப் பற்றி டாக்டர் கேட்டபோது ஊறுகாயைச் சொன்னேன். அவர் ரொட்டியைக் கேட்டார். ரொட்டி உட்படப் பல பாக்கெட் உணவுகளில் உப்புக்கு வரம்பு வைக்கும் சட்டம் இங்கே 2016-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் தினம் தின்றால் சேரத்தானே செய்யும்? ‘லோ சோடியம்’ உப்பு வாங்கவும் வேண்டாம் என்றார். அதில் பொட்டாசியம், லோசார்டானும் பொட்டாசியத்தை ஏற்றும்.

மருந்துச் சீட்டு ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். தீர்வதற்குள் நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். மெடிக்கல் எய்டு இல்லாதவர்களுக்கு அரசு கிளினிக்கில் மாத்திரை இலவசம். பிரஷர் கட்டுக்குள் வந்தவர்கள் வீட்டுக்கு அருகே உள்ள விநியோக இடத்தில் மருந்துப் பொட்டலத்தை வாங்கிக்கொள்ளும் திட்டம் 2014-இலிருந்து இருக்கிறது. கிளினிக் சிஸ்டரிடம் கேட்டால் பதிந்து தருவார்.